பெங்களூரு லானுக்கு எத்தனை லிட்டர்? ஸ்மார்ட் கன்ட்ரோலர் உதவும் இடமும் உதவாத இடமும்

2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் ஓர் உத்தரவு போட்டது. கார் கழுவவும், தோட்டத்துக்கு ஊற்றவும், கட்டட வேலைக்கும், அலங்கார நீரூற்றுக்கும் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது; மீறினால் 5,000 ரூபாய் அபராதம். 2025 பிப்ரவரியில், கோடை முழுதாகத் தொடங்கும் முன்பே, அதே தடை மறுபடி வந்தது. மீண்டும் மீறுவோருக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் கூடுதல் என்பதும் அதில் இருந்தது. காவிரித் தண்ணீர் இந்த ஊருக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மூன்று கட்டமாகப் பம்ப் செய்யப்பட்டு, 500 மீட்டர் அளவுக்கு மேலேற்றப்பட்டு வருகிறது என்பதை நினைத்தால் அதைப் புல்லுக்கு ஊற்றாதே என்பதில் நியாயம் இருக்கிறது.

தடை வந்ததும் அடுக்குமாடிச் சங்கங்களில் இரண்டு கேள்விகள் எழுந்தன. லானை, அதாவது வளாகத்துப் புல்வெளியை, என்ன செய்வது? தோட்டத்துக்கு எப்போது, எவ்வளவு தண்ணீர் விடுவது என்று தானே முடிவு செய்யும் ஸ்மார்ட் கன்ட்ரோலரை விற்பனைக்காரர்கள் காட்டுகிறார்கள்; அதை மாட்டினால் பாதித் தண்ணீர் மிச்சம் என்கிறார்களே, அது உண்மையா? பாதிக்கு மேல் மிச்சமாகும் தோட்டமும் உண்டு, ஒரு குடம்கூட மிச்சமாகாத தோட்டமும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

கருவி செய்யும் வேலை

தோட்டத்துக் குழாய் அமைப்பு பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். லான் ஒரு பகுதி, வேலியோரச் செடிகள் ஒரு பகுதி, மரங்கள் ஒரு பகுதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சோலனாய்டு வால்வு. பெரும்பாலும் 24 வோல்ட் மின்சாரத்தில் திறந்து மூடும். எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும், எத்தனை நிமிடம் திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவிடுவதுதான் கன்ட்ரோலர். அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. உத்தரவை எதை வைத்துப் போடுகிறது என்பதில்தான் வகைகள் வேறுபடுகின்றன.

1. சாதாரண டைமர். காலை 6 மணிக்கு 20 நிமிடம் என்று வைத்தால் ஜனவரியிலும் அதே, அடைமழையிலும் அதே.

2. வானிலையை வைத்து இயங்குவது. வெப்பம், வெயில், காற்று, ஈரப்பதம் ஆகியவற்றைக் கொண்டு அன்றைக்கு மண்ணும் இலையும் சேர்ந்து எவ்வளவு தண்ணீரை ஆவியாக இழந்தன என்று கணக்கிடும். இழந்ததைத் திருப்பித் தரும். இந்த இழப்பு ‘ஈ.டி.’ என்ற பெயரில் செயலித் திரையில் மில்லிமீட்டரில் தெரியும்.

3. மண்ணீரத்தை வைத்து இயங்குவது. வேர் இருக்கும் ஆழத்தில் சென்சாரைப் புதைத்து, ஈரம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால்தான் வால்வைத் திறக்கும். போதுமான ஈரம் இருந்தால் அன்றைய முறையைத் தாண்டிவிடும்.

இரண்டாவது, மூன்றாவது வகைகளைத்தான் ‘ஸ்மார்ட்’ என்கிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இவற்றுக்கு ‘வாட்டர்சென்ஸ்’ என்ற தர முத்திரை வழங்குகிறது. இங்கே கிடைக்கும் பல கருவிகள் அந்த ஊர்ச் சந்தைக்காக வடிவமைக்கப்பட்டவை. அதனால் வரும் சங்கடங்கள் கீழே.

மில்லிமீட்டரை லிட்டராக்குவது

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது சரியாக ஒரு லிட்டர். மீதிக் கணக்கு எல்லாம் இதன்மேல் நிற்கிறது.

பெங்களூரில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் அடிப்படை ஆவி இழப்பு நாளொன்றுக்கு 5 முதல் 6 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாச் செடியும் அதை முழுதாகக் கேட்பதில்லை. அந்த இழப்பில் எத்தனை பங்கு ஒரு செடிக்கு வேண்டும் என்று காட்ட, ஒவ்வொன்றுக்கும் பயிர்க் கெழு என்று ஓர் எண் உண்டு. அருகம்புல் போன்ற வெப்பப் பகுதிப் புல்லுக்கு அது சுமார் 0.6, குளிர்நாட்டுப் புல்லுக்கு 0.8, வறட்சி தாங்கும் புதர்களுக்கு 0.3 அல்லது அதற்கும் கீழே.

500 சதுர மீட்டர் லான் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இழப்பு 5.5 மி.மீ., கெழு 0.6. பெருக்கினால் 3.3 மி.மீ. அதாவது 1,650 லிட்டர். தெளிக்கும்போது காற்றில் போவது, நடைபாதையில் விழுவது, ஒரு மூலையில் அதிகமும் மறுமூலையில் குறைவுமாக விழுவது எல்லாம் போக 70 சதவீதம்தான் வேருக்குச் சேரும் என்றால் குழாயிலிருந்து வர வேண்டியது ஏறக்குறைய 2,350 லிட்டர்.

நடப்பது என்ன? நிலையான தலையுள்ள ஸ்பிரே வகை ஸ்பிரிங்க்ளர் மணிக்கு 40 மி.மீ. அளவில் ஊற்றும். தினமும் 20 நிமிடம் ஓடினால் 13 மி.மீ.க்குச் சற்று மேல். 500 சதுர மீட்டருக்கு 6,600 லிட்டரைத் தாண்டும். தேவையைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கோடை வெயிலைப் பார்த்துப் பயந்து, சாயங்காலமும் ஒரு தடவை ஓட விடும் இடங்களில் ஆறு மடங்கு.

டைமரை மாற்றியே பெறக்கூடிய லாபம்

மண் எவ்வளவு தண்ணீரைப் பிடித்துவைக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. மணல் கலந்த செம்மண், 20 செ.மீ. ஆழத்துக்குள் செடி எடுத்துக்கொள்ளக்கூடிய தண்ணீராக 24 மி.மீ. அளவு வைத்திருக்கும். அதில் பாதி தீர்ந்தபின் ஊற்றினால் புல்லுக்கு எந்தக் கேடும் இல்லை. நாளுக்கு 3.3 மி.மீ. என்றால் பாதி தீர மூன்றரை நாள் ஆகிறது. அந்த 20 நிமிட ஓட்டத்தில் வேருக்குச் சேர்வது 9 மி.மீ.க்கு மேல், அது கிட்டத்தட்ட மூன்று நாள் தேவை.

ஆக, அதே 20 நிமிடத்தை மூன்று நாளைக்கு ஒரு முறை ஓட்டினால் போதும். கருவி எதுவும் வாங்காமல் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சுமார் 90 நாளில் 60 ஓட்டங்கள் குறைகின்றன; 4 லட்சம் லிட்டர். 2024 மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் டேங்கருக்கு வைத்த உச்ச விலை 5 கி.மீ.க்குள் 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய். அந்த விலையில்கூட இது 33 டேங்கர், 33,000 ரூபாய். விற்பனைக்காரர்கள் இந்த முதல் கணக்கைச் சொல்வதில்லை. அவர்கள் காட்டும் ‘பாதி மிச்சம்’ பெரும்பாலும் தவறாக வைத்த டைமரோடு ஒப்பிட்டுச் சொல்வது.

சரியாக வைத்த டைமருக்கு மேல் ஸ்மார்ட் கருவி தரும் லாபம் எங்கே இருக்கிறது? பருவம் மாறும்போது. டிசம்பரில் இழப்பு மார்ச்சைவிடக் கணிசமாகக் குறைவு. டைமரைப் போய் யாரும் திருத்துவதில்லை. மழை பெய்த மறுநாள் நிறுத்துவதற்கும் ஆள் இல்லை. இந்த இரண்டையும் மறக்காமல் செய்வதற்குத்தான் கருவிக்குக் காசு.

‘பாதி மிச்சம்’ என்பதற்கு ஆதாரம்

கலிபோர்னியாவில் வானிலைக் கன்ட்ரோலர்கள் பொருத்தப்பட்ட 2,000க்கும் மேற்பட்ட இடங்களை ஆராய்ந்த அறிக்கை 2009இல் வந்தது. சராசரி மிச்சம் சுமார் 6 சதவீதம். அதைவிட முக்கியமான செய்தி, ஐந்தில் இரண்டு பங்கு இடங்களில் தண்ணீர்ச் செலவு கூடியிருந்தது.

இது கருவியின் கோளாறு அல்ல. முன்பு அளவுக்கு மீறி ஊற்றியவர்களைக் கருவி கட்டுப்படுத்தியது. முன்பு சிக்கனமாக ஊற்றியவர்களுக்கு, புல் பசேலென்று இருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவையும் கொடுத்தது. கோடையில் புல் பழுப்பாவதைப் பொறுத்துக்கொள்ளும் வீட்டில் ஸ்மார்ட் கருவி வைத்தால் அது செலவைக் கூட்டத்தான் செய்யும். பெங்களூரில் டேங்கருக்குக் காசு கொடுத்து அளந்து ஊற்றும் சிறு குடியிருப்புகள் இந்தக் கூட்டத்தில் வரும். தோட்டக்காரர் விஷயமும் இப்படித்தான். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்திலிருந்து வந்து இங்கே தோட்ட வேலை பார்ப்பவர்களில் ஊரில் கிணற்றுப் பாசனம் பார்த்தவர்கள் உண்டு. விரலை மண்ணில் விட்டுப் பார்த்து ‘இன்னைக்கு வேண்டாம்’ என்று சொல்லக்கூடியவர்கள். அப்படிப்பட்டவர் ஓஸ் பைப்பை வைத்திருக்கும் இடத்தில் கருவி வந்து மிச்சப்படுத்துவதற்கு அதிகம் இருக்காது. காலை 7 மணிக்குள் நாலு கட்டடத்தை முடிக்க வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் விரட்டும் இடத்தில் நிறைய இருக்கும்.

பெங்களூரு மழைக்கு எந்தச் சென்சார்

ஆண்டு மழை 980 மி.மீ. அளவில். ஜனவரி, பிப்ரவரியில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஏப்ரல், மே மாதங்களில் இடியுடன் கூடிய மாலை மழை. செப்டம்பரில் மட்டும் 200 மி.மீ.யை ஒட்டி. தென்மேற்குப் பருவமழைக்குப் பின் அக்டோபரிலும் நல்ல மழை என்பதால், வருடத்தில் பல மாதம் லானுக்குத் தண்ணீரே வேண்டாம்.

சிக்கல் ஏப்ரல், மே மழையில். வைட்ஃபீல்டில் தெருவில் முழங்கால் தண்ணீர், கெங்கேரியில் ஒரு தூறல்கூட இல்லை என்பது இந்த ஊரில் சாதாரணம். இணையம் வழியாக வானிலை எடுக்கும் கருவி, அருகிலிருக்கும் நிலையத்தின் அளவை நம்பி இயங்குகிறது. அந்த நிலையம் விமான நிலையத்தில் இருந்தால் அங்கே பெய்த மழைக்கு உங்கள் லானைக் காயப்போடும், அல்லது இங்கே கொட்டிய மழையைக் கண்டுகொள்ளாமல் மறுநாள் காலையில் ஸ்பிரிங்க்ளரைத் திறக்கும். ஆகவே இங்கே வானிலைக் கன்ட்ரோலரைவிட, அதனோடு கூரையில் பொருத்தும் மழைச் சென்சாருக்கு மதிப்பு அதிகம். ஈரத்தில் உப்பும் சில தகடுகள், ஒரு சுவிட்ச். அவ்வளவுதான் அதன் உள்ளே. 3 மி.மீ. மழைக்கு நிறுத்துவதா, 12 மி.மீ.க்கு நிறுத்துவதா என்று திருகி வைக்கலாம். சாதாரண டைமரோடும் இணைக்கலாம் என்பதால், கொடுத்த காசுக்கு இதைவிடப் பயன் தரும் பொருள் இந்தப் பட்டியலில் வேறில்லை என்பேன்.

எஸ்.டி.பி. தண்ணீர்: கணக்கு தலைகீழாகும் இடம்

பெரிய அடுக்குமாடிகளில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் எஸ்.டி.பி. இருக்கிறது. தடை குடிநீருக்குத்தான், சுத்திகரித்த நீரைத் தோட்டத்துக்கு ஊற்றலாம், ஊற்றவே வேண்டும். அப்படியானால் கன்ட்ரோலர் எதைச் சேமிக்கிறது?

200 வீடுகள், வீட்டுக்கு 4 பேர் என்று எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நாட்டில் வழக்கமாகக் கொள்ளும் அளவுகோல். அதில் 45 லிட்டர் கழிப்பறைக்கு.

1. மொத்தப் பயன்பாடு 1,08,000 லிட்டர். ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்பும். சுத்திகரித்தபின் 80,000 லிட்டர் கைக்கு வருகிறது.

2. கழிப்பறைக்குத் தனிக் குழாய் இருந்தால் அதற்கு 36,000 லிட்டர் போகும். மீதி 44,000.

3. 2,000 சதுர மீட்டர் பரப்பும் லானாகவே இருந்தால்கூட, கடுங்கோடையில் அதன் நியாயமான தேவை 9,500 லிட்டருக்குள். இன்னும் 34,000 லிட்டருக்கு மேல் எஞ்சுகிறது. அக்டோபர் மழையில் 44,000மும் எஞ்சும்.

4. கழிப்பறைத் தனிக் குழாயே இல்லாத பழைய கட்டடத்தில் கோடையில்கூட 70,000 லிட்டர் எஞ்சும்.

இந்த மீதியை என்ன செய்வது என்று தெரியாமல்தான் பல இடங்களில் லானில் கொட்டுகிறார்கள். வளாகத்துக்கு வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனை உள்ள குடியிருப்புகளுக்கு லான்தான் வடிகால். புல் எப்போதும் சொதசொதவென்று இருப்பதற்கும், வேர் அழுகுவதற்கும், கொசுவுக்கும் காரணம் தோட்டக்காரரின் அலட்சியம் என்று கூட்டத்தில் பேசுவார்கள், உண்மையில் எஸ்.டி.பி. தொட்டி நிரம்பி வழியாமல் பார்த்துக்கொள்வது அவருடைய எழுதப்படாத வேலையாகிவிட்டது.

இங்கே கன்ட்ரோலர் மாட்டி, தோட்டத்தின் செலவை 20,000 லிட்டரிலிருந்து 9,500க்குக் குறைத்தாலும் காவிரியில் ஒரு லிட்டர்கூட மிச்சமாகாது. தோட்டத்தில் போகாத 10,500 லிட்டர் தொட்டியில் நின்று, கடைசியில் சாக்கடைக்குப் போகும். செடிகள் நன்றாக இருக்கும். பம்ப் ஓடும் மின்சாரம் சிறிது குறையும். அவ்வளவே. அந்த 10,500 லிட்டருக்கு வேறு வேலை கொடுத்தால்தான் மிச்சம் என்ற சொல்லுக்கு அர்த்தம் வருகிறது: கழிப்பறைக் குழாய், கார் கழுவுதல், பொது இடம் கழுவுதல், பக்கத்துக் கட்டட வேலைக்கு விற்பது. சுத்திகரித்த நீரில் பாதி வரை விற்கலாம் என்று 2024இல் கர்நாடக அரசு அனுமதித்தது. சங்கத்தின் பணம் ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால், அது கழிப்பறைக் குழாய் இணைப்புக்குப் போக வேண்டும், கன்ட்ரோலர் காத்திருக்கலாம்.

போர்வெல்லையும் டேங்கரையும் நம்பியிருக்கும் தனி வீடு, எஸ்.டி.பி. இல்லாத சிறு குடியிருப்பு, பகலில் மட்டும் ஆள் இருக்கும் அலுவலக வளாகம் ஆகியவற்றில் நிலைமை வேறு. அங்கே தோட்டத்தில் குறையும் ஒவ்வொரு லிட்டரும் நல்ல தண்ணீர். கருவி தன் விலையை மீட்பது இங்கேதான்.

சுத்திகரித்த நீரும் கருவிகளும்

எஸ்.டி.பி. நீரில் மிதக்கும் நுண்துகளும் கரைந்த உப்பும் இருக்கும். சொட்டுநீர்க் குழாயின் துளை அடைபடும். நுண்துகளைப் பிடிக்கும் 120 மெஷ் டிஸ்க் ஃபில்டர் இல்லாமல் சொட்டுநீர் போடுவது வீண். குழாய்க் கடைசி மூடியைத் திறந்து அவ்வப்போது தண்ணீரை ஓடவிட்டுக் கழுவ வேண்டும். ஊரில் தென்னைக்கோ தக்காளிக்கோ சொட்டுநீர் போட்டவர்களுக்கு இது புதிதல்ல. ஸ்பிரிங்க்ளரில் அடைப்புத் தொல்லை குறைவு, ஆனால் நுண்திவலை காற்றில் பரவும். குழந்தைகள் விளையாடும் நேரத்தில் அதை ஓட்டக் கூடாது, விடியற்காலையே சரி.

மின்தேக்கு முறையில், அதாவது மண்ணின் மின்தன்மையை வைத்து, ஈரம் அளக்கும் மலிவான சென்சார்கள் உப்பு நீரில் ஏமாறும். உப்பு கூடினால் மண் உள்ளதைவிட ஈரமாக இருப்பதாகக் காட்டும், வால்வு திறக்காது, செடி வாடும். எஸ்.டி.பி. நீர் ஊற்றும் மண்ணில் சென்சாரின் எண்ணை ஒருமுறை தோண்டிப் பார்த்து ஒப்பிட்டபின்தான் நம்பலாம்.

பேஸ்மென்ட் கூரைமேல் லான்

புதிய குடியிருப்புகளில் லான் பெரும்பாலும் தரையில் இல்லை, வாகன நிறுத்தத்தின் கூரைமேல் இருக்கிறது. மண் ஆழம் ஒன்றிரண்டு அடி. கூடுதலாக ஊற்றிய தண்ணீர் கீழே இறங்கி நிலத்தடி நீராவதற்கு வழியில்லை. நீர்த்தடுப்புப் பூச்சில் சிறு விரிசல் இருந்தாலும் கீழே நிற்கும் காரின்மேல் சொட்டும். இங்கே கன்ட்ரோலரின் லாபத்தைத் தண்ணீர்க் கணக்கில் தேடுவதைவிட, கூரைப் பழுதுபார்ப்புச் செலவில் தேடலாம். ஒரே மூச்சில் 20 நிமிடம் ஊற்றாமல் 7 நிமிடம், அரை மணி இடைவெளி, மறுபடி 7 நிமிடம் என்று பிரித்து ஊற்றும் வசதி பல கருவிகளில் இருக்கிறது. மண் உறிஞ்சும் வேகத்துக்கு ஏற்றபடி தண்ணீர் போகும்.

வாங்க முடிவு செய்தவர்களுக்கு

1. முதலில் தோட்டக் குழாயில் தனி மீட்டர் போட்டு ஒரு மாதம் அளக்கவும். மேலே சொன்ன கணக்கைவிட உங்கள் அளவு குறைவாக இருந்தால் கருவி வேண்டாம்.

2. சம அளவுள்ள டப்பாக்களை லானில் ஆங்காங்கே வைத்து ஸ்பிரிங்க்ளரை ஓட்டிப் பார்க்கவும். ஒரு டப்பாவில் இரண்டு விரற்கடையும் இன்னொன்றில் ஒரு சொட்டும் இருந்தால் எந்தக் கன்ட்ரோலரும் அதைச் சரிசெய்யாது. காய்ந்த மூலைக்காக மொத்த லானுக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டி வரும். தலைகளை மாற்றுவதே முதல் செலவு.

3. செயலியில் புல் வகை கேட்கும் இடத்தில் வெப்பப் பகுதிப் புல் என்று தேர்ந்தெடுக்கவும். கவனிக்காமல் குளிர்நாட்டுப் புல்லில் விட்டால் கெழு 0.6க்குப் பதில் 0.8 ஆகி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் கூடும். மண் வகை, வேர் ஆழம், ஸ்பிரிங்க்ளர் வகை ஆகியவற்றையும் உள்ளபடி நிரப்ப வேண்டும். ஊகித்து நிரப்பினால் அது விலையுயர்ந்த டைமர்தான்.

4. நீரோட்டச் சென்சார் இணைக்கக்கூடிய மாடலாகப் பார்க்கவும். யாரோ மிதித்து ஸ்பிரிங்க்ளர் தலை உடைந்தால், வழக்கத்தைவிட அதிகத் தண்ணீர் போவதை உணர்ந்து வால்வை மூடிவிடும். விளம்பரத்தில் கடைசி வரியில் இருக்கும் இந்த வசதி, பல தோட்டங்களில் முதல் லாபம்.

5. மின்சாரம் போய்வந்தபின் நேரமும் திட்டமும் நினைவில் இருக்குமா, வைஃபை தோட்ட மூலை வரை எட்டுமா, எட்டாவிட்டால் இணையம் இல்லாமல் எந்த அட்டவணையில் ஓடும் என்று கேட்கவும்.

6. கடவுச்சொல் சங்கச் செயலாளரின் கைப்பேசியில் மட்டும் இருக்கக் கூடாது. தோட்டக்காரருக்கு நிறுத்தும் அதிகாரமும், அவருக்குத் தெரிந்த மொழியில் அரை மணி நேரப் பயிற்சியும் தேவை. தமிழோ கன்னடமோ மட்டும் வாசிக்கிறவரிடம் ஆங்கிலத் திரையைக் கொடுத்துவிட்டுப் போனால், ஒரு கோளாறு வந்ததும் அவர் வால்வைக் கையால் திறந்து வைத்துவிடுவார். பெரும்பாலான கருவிகளால் அதைக் கண்டுபிடிக்கக்கூட முடியாது.